சேகண்டி ஏறுது, கிக் விழுகல: ஒரு கபடி ட்ராக்கின் நிகழ்வு ஆய்வு

போன ஆடி மாசம் பாம்பனில் எங்கள் தெருப் பையன்களின் கபடி அணிக்கு ஒரு நுழைவு இசை செய்து கொடுத்தேன். மின்னொளி கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும், அணி களத்துக்குள் வரும்போது பாட்டு அதிர வேண்டும். போன வருசம் வரை வந்த அணிக்கெல்லாம் ஒரே சினிமாப் பாட்டு. "நம்மளுக்குன்னு தனியா ஒண்ணு போடுண்ணே" என்று கேட்டார்கள். நான் வீட்டில் ட்ரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான மின்னணு இசை செய்து பழகுகிறவன். 174 பிபிஎம் (நிமிடத்துக்கு 174 பீட்), 72 பார் (பாருக்கு நாலு பீட்), ஏறக்குறைய 1 நிமிடம் 40 விநாடி என்று திட்டம். முதல் 16 பாரில் அறிவிப்பாளர் ஏழு பேரின் பெயரையும் வாசிப்பார். பிறகு ட்ராப், அதாவது ட்ரம்மும் பேஸும் ஒன்றாக வந்து விழுகிற இடம். அப்போது பையன்கள் ஓடி வருவார்கள்.

அந்த 16 பாரின் கடைசி நாலு பாரில் ஒரு ரிவர்ஸ் சத்தம் (பதிவைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுவது) மெல்லக் கிளம்பி ஏறி வந்து, ட்ராப்பில் முட்ட வேண்டும். நீளம் ஐந்தரை விநாடி. கைக்கு அடங்கிய வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆனது. எங்கே சறுக்கினேன், எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது இரண்டு நாளாவது மிச்சமாகும்.

சங்கா, சேகண்டியா

சாம்பிள் பேக் என்கிற ரெடிமேட் ஒலித் தொகுப்புகளில் ரிவர்ஸ் சிம்பல் நூறு கிடக்கும். அதையே போட்டால் அப்புறம் நம்ம ஊர் ட்ராக் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? பஜனை மடத்தில் சங்கும் சேகண்டியும் இருந்தன. இரண்டையும் கேட்டு வாங்கி, மடத்துக் கூடத்தின் கதவுகளைச் சாத்திவிட்டு, விடிகாலையில் போனில் பதிந்தேன். கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் வெளியே வைத்துப் பதிந்தால் காற்றுதான் பதியும்.

சங்கை ரிவர்ஸ் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. அது மெல்லத் தொடங்கி, ஒரே மட்டத்தில் நின்று, மெல்ல அடங்குகிற சத்தம். முன்னாலிருந்து கேட்டாலும் பின்னாலிருந்து கேட்டாலும் ஏறக்குறைய அதேதான். சேகண்டி அப்படி இல்லை. மரக்கட்டை பட்டதும் உச்சம், அதன் பிறகு வெண்கலம் ஐந்து விநாடிக்கு மேல் இரைந்துகொண்டே தேய்கிறது. திருப்பினால் அந்தத் தேய்மானம் வளர்ச்சி ஆகிறது. ரிவர்ஸுக்குத் தேவை இந்தச் சாய்வுதான்: சட்டென்று பிறந்து மெதுவாகச் சாகிற சத்தம். பறையும் சட்டென்றுதான் பிறக்கிறது, ஆனால் உடனே செத்துவிடுகிறது. திருப்பினால் அரை பீட் நீளத்துக்கு ஒரு 'வ்ஷுப்' கிடைக்கும். அதற்கும் வேலை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கடலிலும் இதே கதைதான். தனுஷ்கோடி ரோட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, நாங்கள் பெண்கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். பெண்கடலின் கரையில் சின்னச் சின்னச் சலசலப்பு, திருப்பினாலும் சலசலப்பு. ஆண்கடலில் அலை 'தொம்' என்று விழுந்து, நுரை மணலில் உரசிக்கொண்டே பின்வாங்க இன்னும் நாலைந்து விநாடி ஆகிறது. அதைத் திருப்பினால் காசு கொடுத்து வாங்குகிற நாய்ஸ் ரைசர் (இரைந்து ஏறுகிற ரெடிமேட் சத்தம்) எல்லாம் தோற்றுவிடும். போன் மைக்கில் ஒரு பழைய சாக்ஸை மாட்டி, கரையோரம் இழுத்துப் போட்டிருந்த வத்தையின் மறைவில் உட்கார்ந்து பதிந்தேன். இருபது அலையில் இரண்டு தேறியது.

மடத்துப் பெரியவருக்குத் திருப்பிய சேகண்டியை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். "என்னடா பேராண்டி, அடிக்கிறதுக்கு முந்தியே கேக்குது?" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

முதல் வடிவம்

நாலு பார் நீளத்துக்குத் திருப்பிய சேகண்டி. அடியில் திருப்பிய அலை. மேலே பையன்கள் 'கபடி கபடி' என்று கத்தியதில் முதல் சொல்லுக்கு ரிவர்ஸ் ரிவெர்ப். ரிவெர்ப் என்றால் பெரிய கூடத்தில் கேட்கிற மாதிரியான முழக்கம்.

ரிவர்ஸ் ரிவெர்ப் செய்கிற முறை: ட்ராப்பில் விழப்போகிற சொல்லை எடுத்து, முதலில் திருப்ப வேண்டும். அதன்மேல் மூன்று, நாலு விநாடி நீளமுள்ள ரிவெர்ப் போட்டு, மூலச் சத்தம் இல்லாமல் ரிவெர்ப்பை மட்டும் ஆடியோவாக எடுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி திருப்பி, மூலச் சொல்லுக்கு முன்னால் ஒட்ட வேண்டும். சொல் நேராகவே இருக்கும், அதன் நிழல் மட்டும் முன்னால் வரும். சொல்லையே திருப்பிப் போடுவது வேறு விஷயம். 'கபடி'யைத் திருப்பினால் எழுத்தை மாற்றிப் போட்ட மாதிரி 'டிபக' வராது, 'இடபக்' என்று வரும். நம் உயிர்மெய்யில் மெய் முன்னால், உயிர் பின்னால். டேப் திரும்பினால் உயிர்தான் முந்திக்கொள்ளும். பையன்கள் அதைக் கேட்டுவிட்டு ரெண்டு நாள் ஒருத்தனை ஒருத்தன் 'இடபக்' என்றே கூப்பிட்டார்கள்.

ஹெட்போனில் எல்லாம் பிரமாதம். மைக்செட் அண்ணன் கடையில் போட்டுப் பார்த்தோம். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஏறுது தம்பி, நல்லா ஏறுது. ஆனா விழுகலயே."

ட்ராப்பில் கிக் (கனத்த ட்ரம் அடி) இருக்கிறது, பேஸ் இருக்கிறது, மீட்டரும் துள்ளுகிறது. ஆனாலும் அவர் சொன்னது உண்மை. யாரோ படி ஏறி வந்து, கதவைத் தட்டாமல் நின்ற மாதிரி இருந்தது.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கிக்கை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கிற லிமிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கியது, ட்ராப் முன்னைவிடச் சப்பையானது. மூன்று நாள் இப்படியே போனது.

ஃபைலுக்குள் இருந்த வெற்றிடம்

நாலாம் நாள் ராத்திரி, ட்ராப் விழுகிற கோட்டில் திரையை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தேன். சேகண்டியின் உச்சம் கோட்டைத் தொடவில்லை. அதற்குமுன் ஒரு தட்டையான கோடு, அளந்தால் 25 மில்லி விநாடி. க்ளிப்பின் விளிம்பு ட்ராப் கோட்டில் மிகச் சரியாக ஒட்டியிருந்தது. க்ளிப்புக்கு உள்ளேதான் காலியிடம்.

அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். போனில் பதிந்ததை ஒரு இலவச கன்வெர்ட்டரில் எம்பி3 ஆக்கி லேப்டாப்புக்குக் கொண்டுவந்திருந்தேன். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று சாம்பிள்கள் (ஒலியைப் பதிந்து வைக்கிற அளவுப் புள்ளிகள்) சேரும். எம்பி3 ஆக்குகிற லேம் என்கோடர் வழக்கமாகச் சேர்ப்பது 576, திரும்ப விரிக்கும் டிகோடரால் வருவது 529. கூட்டினால் 1,105 சாம்பிள். 44,100 ஹெர்ட்ஸில் அது 25 மில்லி விநாடி, நான் அளந்த அதே 25. இவ்வளவு சாம்பிளை வெட்டிவிடு என்ற குறிப்பு ஃபைலின் தலைப்பில் இருந்தால் சாஃப்ட்வேர் தானே வெட்டிவிடும். என் ஃபைலில் குறிப்பு இல்லை.

நேராகப் போட்டிருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன், அடி விழுகிற இடத்தைப் பிடித்து நகர்த்தியிருப்பேன். திருப்பியதும் முன்னால் இருந்த வெற்றிடம் கடைசிக்கு வந்துவிட்டது, அதுவும் ட்ராப்பின் வாசலுக்கே. எம்பி3 கடைசியிலும் வெற்று சாம்பிள் சேர்க்கும். அது திரும்பினால் ஏற்றத்தின் ஆரம்பத்துக்குப் போகும், அங்கே கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை.

174 பிபிஎம்மில் ஒரு பீட் 345 மில்லி விநாடி, பதினாறில் ஒரு பங்கு நோட் 86. ஆகவே 25 மில்லி விநாடியைக் காது ஒரு தாள இடைவெளியாக எடுத்துக்கொள்ளாது. நிறுத்தமாகவும் தெரியாமல், ஒட்டியும் வராமல், தொடுகிற நேரத்தில் கையை இழுத்துக்கொண்ட மாதிரி ஒரு சோர்வுதான் தெரியும். அண்ணன் 'விழுகல' என்றதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

போனில் இருந்த மூல ஃபைலையே எடுத்தேன். கட்டை பட்ட இடத்தில் மயிரிழை விடாமல் வெட்டி, அப்புறம் திருப்பினேன். நான் பாட்டுக் கட்டுகிற ரீப்பர் சாஃப்ட்வேரில் க்ளிப் வழக்கமாக அதன் தொடக்கத்தை வைத்துத்தான் கோட்டில் ஒட்டும். ஸ்னாப் ஆஃப்செட் என்கிற ஒட்டும் புள்ளியைக் கடைசிக்கு நகர்த்திவிட்டால் முடிவு ஒட்டும். ரிவர்ஸ் க்ளிப்பை எப்போதும் வாலைப் பிடித்துத்தான் வைக்க வேண்டும், அது எங்கே தொடங்குகிறது என்பது எக்கேடோ கெட்டுப் போகட்டும். கடைசியில் 5 மில்லி விநாடிக்கு ஒரு ஃபேட் போட்டு அடக்கினேன். இல்லாவிட்டால் அலை பாதியில் அறுந்து 'டிக்' என்று கேட்கும்.

ரிவெர்ப்பிலும் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. திருப்பிய சேகண்டி இருந்த ட்ராக்கிலேயே அழகுக்காக ஒரு ரிவெர்ப் வைத்திருந்தேன். அதன் வால் ட்ராப்புக்குள் வழிந்து கிக்கின்மேல் படிந்துகொண்டிருந்தது. ரிவெர்ப் வேண்டுமென்றால் நேராக இருக்கும்போதே போட்டு ஆடியோவாக எடுத்து, பிறகுதான் திருப்ப வேண்டும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரசருக்கும் நான் இதே வரிசைதான் வைத்துக்கொள்கிறேன்.

களத்தில்

வீட்டில் இப்போது அடித்தது. போட்டிக்கு மூன்று நாள் முன்னால், பையன்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, மைதானத்தில் செட் கட்டியதும் போட்டோம். நாலு குழாய் ஸ்பீக்கர் கம்பங்களில், மேடைப் பக்கம் ரெண்டு பேஸ் பாக்ஸ்.

மறுபடி சொதப்பல். இந்தத் தடவை விழுகிறது, ஆனால் ஏறவில்லை.

காரணம் ஒன்று ஒயரிலேயே இருந்தது. மைக்செட் ஆம்ப்ளிஃபயர் மோனோ. இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துதான் குழாய்க்குப் போகும். நானோ ரிவர்ஸ் ரிவெர்ப்பை அகலமாக்க ஒரு வைட்னர் போட்டிருந்தேன். அது செய்வது, ஒரு பக்கத்து அலையின் ஒரு பங்கை மறுபக்கத்தில் தலைகீழாகச் சேர்ப்பது. ரெண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்போனில் தலையைச் சுற்றி வந்த சத்தம் குழாயில் காணாமல் போனது. மொத்தப் பாட்டும் சேர்கிற மாஸ்டர் ட்ராக்கில் மோனோ பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும். அமுக்கவில்லை. வைட்னரை எடுத்தெறிந்தேன், கதை முடிந்தது.

இன்னொரு காரணம் கணக்கில் இருந்தது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சேகண்டி 60 டெசிபல் தேய ஐந்தரை விநாடி ஆகிறது என்று வையுங்கள். நாலு பாருக்கு 60, பாருக்கு 15. திருப்பினால், முதல் பார் முடியும்போது சத்தம் உச்சத்துக்கு 45 டெசிபல் கீழே. இரண்டாவது பார் முடியும்போதும் 30 கீழே. ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெட்போனில் அந்த 30 கீழேயும் தெளிவாகக் கேட்கும். ஜெனரேட்டர், கடலைக் கடை, ஐநூறு பேர் பேச்சு, எல்லாம் இருக்கிற மைதானத்தில் கடைசி 20, 25 டெசிபல்தான் காதுக்கு வந்து சேரும். அதாவது நான் செய்த நாலு பார் ஏற்றத்தில் கூட்டத்துக்குக் கேட்டது கடைசி ஒன்றரை பார், ரெண்டே விநாடி. மிச்சம் எனக்கும் என் லேப்டாப்புக்கும் மட்டும்.

வால்யூம் கோட்டை வளைத்து முதல் பாதியைத் தூக்கினேன். சேகண்டியோடு மடத்து மின்விசிறியும் சேர்ந்து எழுந்தது. ஆகவே அடுக்கை மாற்றினேன். முதல் ரெண்டு பார் அலையின் பொறுப்பு. அதுவே இரைச்சல், அதைத் தூக்கினாலும் அசிங்கம் தெரியாது. மூன்றாவது பாரில் சேகண்டி மேலே வரும். நாலாவதில் 'கபடி'யின் நிழல். ஒவ்வொன்றிலும் காதுக்கு எட்டுகிற கடைசி 20 டெசிபலை மட்டும் வெட்டி எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறுத்துவிட்டேன். அந்த இடம் ட்ராப்பில் பேஸ் வந்து நிரப்பவேண்டியது, முன்கூட்டியே நிரப்பிவிட்டால் வந்த பேஸுக்கு மரியாதை இருக்காது.

ஸ்னேர் ஒன்றையும் தூக்க வேண்டியிருந்தது. ட்ரம் அண்ட் பேஸில் ஸ்னேர் (சுளீரென்று விழுகிற ட்ரம்) பாரின் ரெண்டாவது, நாலாவது பீட்டில் விழும். ட்ராப்புக்கு முந்தின பாரின் நாலாவது பீட்டில் அது விழுந்தால், ஏறிக்கொண்டிருக்கிற சத்தத்தின் முதுகில் அடித்த மாதிரி ஆகிறது. அதை எடுத்துவிட்டேன். அதே ஸ்னேர், முன்னே சொன்ன பறை, ரெண்டையும் திருப்பி அந்தப் பீட்டில் நிறுத்தினேன். 'வ்ஷுப்' என்ற அந்த உறிஞ்சல் இங்கேதான் பயன்பட்டது.

ஒரு பீட் மௌனம்

உரத்த சத்தம் ஒன்று நின்ற பிறகு 100, 200 மில்லி விநாடி வரை காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஃபார்வர்ட் மாஸ்க்கிங் என்பார்கள். ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டியே கிக்கை வைத்தால் அந்த மந்தத்தில்தான் கிக் விழும். இடையில் கொஞ்சம் மௌனம் விட்டால் அதே கிக், அதே வால்யூம், ஆனால் பெரிதாகக் கேட்கும். தெரியாமல் விழுந்த 25 மில்லி விநாடி சோர்வு தந்தது, தெரிந்தே விடுகிற இடைவெளி இடி மாதிரி இறங்குகிறது.

எவ்வளவு விடுவது? முதலில் அரை பீட் விட்டேன், 172 மில்லி விநாடி. வீட்டில் கச்சிதம். மைதானத்தில் மௌனமே கேட்கவில்லை. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரத்தைக் காலடி போட்டு அளந்தேன், சுமார் 60 மீட்டர். நம்ம ஊர்ச் சூட்டில் சத்தம் விநாடிக்கு 350 மீட்டர் போகும். 60 மீட்டருக்கு ஏறக்குறைய 171 மில்லி விநாடி. ஒரு குழாயின் கீழே நிற்பவனுக்கு எதிர்க் குழாயின் சத்தம் அரை பீட் பிந்தி வருகிறது. நான் விட்ட அரை பீட் மௌனத்தை அடுத்த கம்பம் கச்சிதமாக நிரப்பிவிடுகிறது! இந்தப் பொருத்தத்தை நான் தேடியிருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

சரி, தாராளமாக விடுவோம் என்று ஒரு முழு பார் விட்டேன், 1.38 விநாடி. ஒத்திகையில் ஏற்றம் உச்சிக்குப் போய் நின்றது. மைதானமே மூச்சுப் பிடித்தது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்த அறிவிப்பாளர் மைக்கை எடுத்தார்: "கேட்டுக்கு முன்னாடி நிக்கிற வெள்ளைக் கலர் ஸ்கூட்டியை உடனடியா எடுத்துவிடவும்." 'ஸ்கூட்டியை'யில் ட்ராப் விழுந்தது.

ஒரு பீட்டுக்கு இறங்கினேன், 345 மில்லி விநாடி. அதில் முதல் பாதி எதிர்க் குழாயின் எதிரொலிக்கு, மறுபாதி சுத்தமான மௌனம். அறிவிப்பாளர் மைக்கை எடுக்க அது போதாது. ஏற்றம் இப்போது முடிவது ட்ராப் கோட்டில் இல்லை, அதற்கு ஒரு பீட் முன்னால், நாலாவது பீட் தொடங்கும் இடத்தில். அதனால் திருப்பிய ஸ்னேரும் பறையும் ஒரு பீட் முன்னால் நகர்ந்தன. 'கபடி'யின் நிழலும்தான். நிழலுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு பீட் இடைவெளி விழுந்தது. ரிவர்ஸ் ரிவெர்ப்பைச் சொல்லோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்கிற விதி. இங்கே நான் அதை மீறினேன், எனக்குப் பிடித்தே இருந்தது. நிழல் வந்து நிற்கிறது, ஆளைக் காணோம், பிறகு 'க' என்று வெடிக்கிறது.

போட்டி ராத்திரி ட்ராப் விழுந்தபோது நான் எதிர்க் கம்பத்தின் கீழே நின்றிருந்தேன். முன்வரிசைச் சின்னப் பையன்கள் ரெண்டு பேர் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார்கள். அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

ரெண்டு வாரம் கழித்து மைக்செட் அண்ணன் கூப்பிட்டார். பக்கத்து ஊர்ப் போட்டிக்கும் அந்தப் பாட்டு வேண்டுமாம், எம்பி3யாக அனுப்பினால் மறுபடி அந்த ஓட்டை வந்துவிடுமா என்று கேட்டார். வராது அண்ணே, முழுப் பாட்டை எம்பி3 ஆக்கினால் மொத்தமும் சேர்ந்து 25 மில்லி விநாடி தள்ளிப் போகும், உள்ளே எதுவும் பிரியாது, திருப்பாமல் போட்டால் போதும் என்றேன்.

"அப்ப வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்பிவிடு தம்பி. உன் பென்டிரைவு எங்க போச்சுன்னே தெரியல."